லாரியில் வந்த பாத்ரூம்

பாத்ரூம் கதவை நானே சாத்திக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். இரண்டு கையும் விளங்குகிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

எனக்குப் பக்கவாதம் வந்தது ஆம்பூரில், நான் சூப்பர்வைசராக இருந்த ஷூ கம்பெனியில், தையல் லைனுக்கு நட்டநடுவில். ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் போட்ட தையல் கோணலாகப் போயிருந்தது. "இன்னாடி இது, கண்ண மூடினு தச்சியா?" என்று கேட்டு முடிப்பதற்குள் கையிலிருந்த தோல் துண்டு கீழே விழுந்தது. எடுக்கலாமென்று குனிந்தேன். நானும் விழுந்தேன். இடது கையும் இடது காலும் அன்றோடு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. வாய் மட்டும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. அது ஆண்டவர் செய்த கிருபையா, டேனியலுக்குக் கொடுத்த தண்டனையா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

டேனியல் என் வீட்டுக்காரர். அதே கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். புது மாடல் ஷூ ஒன்று வந்தால், அதை எத்தனை துண்டாகப் பிரிக்கலாம், எந்தத் துண்டு எந்த வடிவம் என்று பார்த்துக் கனமான அட்டையில் வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. அந்த அட்டையைத் தோலின்மேல் வைத்துத்தான் மற்றவர்கள் வெட்டுவார்கள். மனுஷன் வாயைத் திறப்பது அபூர்வம். நான் பேச வேண்டியதையும் அவர் பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசிக் குடும்பம் நடத்தினேன். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அதற்கு அழவேண்டியதை எல்லாம் எப்போதோ அழுது முடித்தாயிற்று. வீட்டில் நாங்கள் இரண்டே பேர் என்பது தெரியவேண்டுமே என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே ஆஸ்பத்திரியில் விழுந்து கிடந்தபோது எனக்கு எல்லாம் அவர்தான். சோறு ஊட்டினார், தலை வாரினார், அதுவும் கோணல் வகிடு எடுத்து. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பாத்ரூம் விஷயம்தான் என்னைக் கொன்றது. தூக்கி உட்கார வைத்து, விழுந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். எனக்குக் கூச்சமாக இருக்கக்கூடாதென்று வாய்க்குள் ஏதாவது கீர்த்தனையை முனகுவார். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஒரு லைன் முழுக்க என் செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்தும். அந்த ஹெலனை, சின்னக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் நிற்கிறார். ராத்திரி தாகமெடுத்தால்கூடத் தண்ணீர் குடிக்க மாட்டேன். குடித்தால் அவரை எழுப்ப வேண்டும்.

பிறகு வேலூரில் ஒரு மறுவாழ்வு வார்டில் என்னைச் சேர்த்தார்கள். பிசியோதெரபி கொடுக்கிற லுப்னா என்ற பெண் எனக்குச் சரியான ஜோடி. நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள்.

"ஆன்ட்டி, இடது கை இப்போதைக்கு வராது. அத்த விட்ருங்க. வலது கை சும்மாதானே கீது? அத வேல வாங்கலாம்."

வாங்கினாள். வீல்சேரைச் சாய்வாக நிறுத்த வேண்டும். பிரேக் போட வேண்டும். கம்மோடுக்கு வலப்பக்கச் சுவரில் இருக்கிற கம்பியை வலது கையால் இறுக்கிப் பிடித்து எழுந்து, திரும்பி, மெதுவாக உட்கார வேண்டும். சொல்லும்போது சுலபம். எனக்குப் பல வாரம் ஆனது. ஒரு நாள் லுப்னா கையை எடுத்துவிட்டாள். நான் விழவில்லை. "சூப்பர் ஆன்ட்டி, அடுத்த வாட்டி கதவ சாத்திக்கலாம்" என்றாள். ஆனால் ஆஸ்பத்திரியில் சாத்தவிடமாட்டார்கள், சட்டம் அப்படி. அதை வீட்டுக்குப் போய்த்தான் செய்ய வேண்டும்.

அங்கே எனக்கு ஒரு தோஸ்த்தும் கிடைத்தார். கணியம்பாடிப் பக்கத்து விவசாயி, காசி என்று பெயர். அவருக்கு வலது பக்கம் போயிருந்தது, எனக்கு இடது. பயிற்சி ஹாலில் எதிரும் புதிருமாக நடக்க விடுவார்கள். அவருக்குப் பேச்சு குழறும். அவர் மனைவி அமிர்தவள்ளிதான் மொழிபெயர்ப்பாள். ஒரு நாள் அவர் என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"இன்னா சொல்றாரு?" என்று கேட்டேன்.

"உங்க ரெண்டு பேரையும் ஒட்டுப் போட்டா ஒரு முழு ஆளு கெடைக்குமாம்" என்றாள் அமிர்தவள்ளி.

"அந்த ஆளுக்கு வாய் என்னுதா இருக்கட்டும்னு சொல்லு" என்றேன்.

சரி, வீடு. ஆம்பூரில் நாங்கள் இருந்தது வாடகை மாடி. ஒருத்தர் ஏறினால் இன்னொருத்தர் இறங்க முடியாத படிக்கட்டு. கழிப்பறை மொட்டைமாடி மூலையில், குந்தி உட்காருகிற மாதிரி. அந்த வீட்டுக்கு நான் திரும்பினால் என் கதவு, கம்பி, கனவு எல்லாம் அவ்வளவுதான். துத்திப்பட்டில் எப்போதோ வாங்கிப் போட்ட சின்ன மனை ஒன்று முள் மண்டிக் கிடந்தது. அங்கே கட்டலாம் என்று டேனியல் ஒரு மேஸ்திரியைக் கூட்டிப் போனார். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். மழை விடட்டும், தீபாவளி போகட்டும், ஆள் வரட்டும், பொங்கல் கழித்துப் பூசிவிடலாம் என்றார். டாக்டரோ அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் டேனியல் வார்டுக்கு வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. அவர் யோசனை செய்தால் பெரும்பாலும் எனக்கு வேலை வைக்கும்.

"சத்துவாச்சாரி தாண்டி ஹைவேஸ் மேல முஜாஹித்னு ஒரு பையன் ஷெட் போட்டுக்கிறான். ஆம்பூர் பையன்தான், தோல் யாவாரக் குடும்பம். வூட்ட ஷெட்லயே செஞ்சு லாரில ஏத்தி அனுப்பறான்" என்றார்.

"இன்னா, என்னைப் பெட்டில போட்டுப் பூட்டப் போறீங்களா? வேலூர் வெயிலுக்குத் தகரப் பெட்டி! ரெண்டாவது ஸ்ட்ரோக்கையும் சேத்து வரவெச்சிடுங்க."

"நீ நெனக்கிற தகரம் இல்ல ஹெலன். ரெண்டு தகட்டுக்கு நடுவுல வெயில் எறங்காம இருக்க அடச்சு வெச்சுக்கிறாங்க. கைய வெச்சுப் பாத்தேன். வெளிய சுடுது, உள்ள சுடல."

"அப்பறம்?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் தொடர்ச்சியாகப் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். "ஷூவ எப்டி பண்றோம்? மேல வர்ற அப்பர் ஒரு பக்கம் தைக்கிறோம். அடில வர்ற சோலு இன்னொரு பக்கம் ஓடுது. அப்பர் முடியட்டும், அப்பறமா சோலப் பாக்கலாம்னு யாருன்னா குந்தினு இருக்காங்களா? அதேதான் இது. ஷெட்ல ரூம் ஓடும்போதே இங்க மனைல அஸ்திவாரம் ஓடும். மழ பெஞ்சா அஸ்திவாரம்தான் நனையும், ரூம் நனையாது. ஒயரு, பைப்பு, டைல்ஸு எல்லாம் கூரைக்குக் கீழயே முடிச்சு, தண்ணி விட்டுப் பாத்து அனுப்பறாங்க. இங்க சேக்கற வேல மட்டும்தான். பின்னாடி இன்னொரு ரூம் வேணும்னா பக்கத்துல கொண்டாந்து மாட்டிக்கலாம். வேணாம்னா கழட்டிக்கலாம்."

மனுஷன் சொன்னது சரி. மழையில் குடை பிடித்துக்கொண்டு எந்தப் பெண்ணும் நேராகத் தைக்க மாட்டாள். கூரை, வெளிச்சம், மேஜை, பக்கத்திலேயே செக்கிங் இருந்தால்தான் ஒவ்வொரு துண்டும் ஒரே மாதிரி வரும். இதை என் லைன் பெண்களுக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"பாத்ரூம்?" என்றேன்.

"அது தனிப் பெட்டி. அத நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். முஜாஹித்தின் ஆட்கள் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார்களாம். இவருக்குத் திருப்தியில்லை. கம்பி எவ்வளவு உயரம், கம்மோடு சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி, குழாய் எங்கே என்று எல்லாம் பார்த்து, பெரிய பெரிய அட்டைகளை ஒட்டிச் சேர்த்து, பாத்ரூம் தரையை அப்படியே முழு அளவில் வெட்டிவிட்டார். ஓட்டை போட வேண்டிய இடத்தில் ஓட்டை, கம்பி வரும் இடத்தில் வெட்டுக்குறி. ஷூ பேட்டர்ன் மாதிரியே. முஜாஹித் வாய்விட்டுச் சிரித்தானாம். ஆனால் "படத்தவிட இது பெட்டர் அண்ணே, தரைல வெச்சு அப்டியே கோடு போட்டுக்கலாம்" என்று வாங்கிக்கொண்டானாம். நான் வார்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் எனக்கு பாத்ரூம் வெட்டியிருக்கிறார் என்றேன். ஒருத்தருக்கும் புரியவில்லை.

வீடு வந்த அன்று என்னை வேலூரிலிருந்து நேராகத் துத்திப்பட்டுக்கே காரில் கூட்டி வந்தார்கள். தெருவே கூடியிருந்தது. வேப்பமரத்தடியில் வீல்சேரில் உட்கார்ந்து பார்த்தேன். படுக்கையும் சமையலறையும் சேர்ந்த பெரிய பெட்டி ஏற்கெனவே இறங்கி, அஸ்திவாரத்தின்மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஜன்னலில் கண்ணாடி, சுவரில் ஸ்விட்ச், எல்லாம் கூடவே வந்திருந்தன. அடுத்து பாத்ரூம் பெட்டியைக் கிரேன் தூக்கியது. பிளாஸ்டிக் தாள் சுற்றிய என் பாத்ரூம் வானத்தில் ஆடிக்கொண்டு நின்றது. "இயேசப்பா, மெதுவா எறக்கு" என்று கத்தினேன். கிரேன்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மத்தியானத்துக்குள் போல்ட்டை எல்லாம் முறுக்கி, பைப்பை இணைத்துவிட்டார்கள். சிமென்ட் தூசி கிடையாது. ஈரச் சுவர் காயட்டும் என்று காத்திருப்பது கிடையாது. காலையில் முள்ளும் கல்லுமாக இருந்த இடத்தில் மத்தியானம் மின்விசிறி சுற்றியது.

டேனியல் டேப்பை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய் ஒவ்வொன்றாக அளந்தார். வெளியே வந்து, "அளவெல்லாம் அச்சு மாதிரி கீது" என்றார். பாஸ்டர் ஜெபம் பண்ணினார். பிரியாணி வந்தது. எல்லோரும் வீட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டும் எலும்பைக் கடித்துக்கொண்டும் இருந்தார்கள். எனக்குப் பிரியாணி இறங்கவில்லை. நான் வேறொன்றுக்காகக் காத்திருந்தேன்.

"வழி வுடுங்க, நான் போறேன்" என்றேன். டேனியலுக்குத் தெரியும். வீல்சேரைக் கதவுவரை தள்ளிவிட்டு, கையை எடுத்துக்கொண்டார். உள்ளே நானே வலது கையாலும் வலது காலாலும் உருட்டிக்கொண்டு போனேன். சாய்வாக நிறுத்தினேன். பிரேக் போட்டேன். வார்டில் பழகிய ஞாபகத்தில், பார்க்காமலே வலது கையை நீட்டினேன்.

கம்பி இல்லை. வெறும் காற்றுதான் இருந்தது.

கம்பி இடப்பக்கத்தில் இருந்தது. கம்மோடு இடப்பக்கச் சுவரை ஒட்டி, கம்பி இடப்பக்கச் சுவரில், கைக்குழாய் இடப்பக்கத்தில். எல்லாம் பளபளவென்று, சொன்ன உயரத்தில், சொன்ன தூரத்தில், என் செத்த கைக்கு நேராக இருந்தது. மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தேன். அதற்கு எதுவும் தெரியாது, பாவம்.

அப்புறம் நான் போட்ட சத்தம் தேசிய நெடுஞ்சாலை வரைக்கும் கேட்டிருக்கும். "யோவ்! எந்தக் கைய்யா எனக்கு வெளங்காது? இத்தினி மாசமா புடிச்சினு நின்னியே, அதுகூடவா தெரியாது? நீ என்னைப் பாக்கவே இல்ல. அட்டையத்தான் பாத்த!"

தெருவே கேட்டது. பாஸ்டர் தட்டோடு நின்றார். டேனியல் உள்ளே வந்து கம்பியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஷெட்டிலிருந்து வந்த லாரியிலேயே அவருடைய அட்டையும் திரும்பி வந்திருந்தது. அதை எடுத்துத் தரையில் போட்டார். ஒரு பக்கமாகப் போட்டார், திருப்பிப் போட்டார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். எங்கள் தொழிலில் பேட்டர்ன் அட்டைக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம் வைத்து வெட்டினால் இடது கால். திருப்பி வைத்து வெட்டினால் வலது கால். இரண்டும் வேண்டும், ஆகவே யாரும் அதில் மேல் கீழ் எழுதமாட்டார்கள். இவரும் எழுதவில்லை. முஜாஹித்தின் ஆட்கள் அட்டையைத் திருப்பிப் போட்டுக் கோடு போட்டுவிட்டார்கள். கதவு நட்டநடுவில் இருந்ததால் பெட்டி சரியாகப் பொருந்தியும் விட்டது. இவர் அளந்து பார்த்தபோதும் அளவு சரியாகத்தானே இருக்கும்? ஷூவிலும் இடது வலது அளவு ஒன்றுதான். வாழ்நாள் முழுக்க ஜோடி ஜோடியாக வெட்டிய மனுஷன். வீட்டுக்கு இன்னொரு கால் கிடையாது என்பது அவர் மூளைக்கு வரவேயில்லை.

சில நாள் நான் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். புது வீட்டில், புது பாத்ரூமில், பழையபடி அவர் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். தோளைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். கீர்த்தனை மட்டும் இல்லை. அது இல்லாமல் அந்த இடம் இன்னும் மோசமாக இருந்தது.

அந்த வாரம் லுப்னா வீட்டுக்கு வந்தாள். வார்டிலிருந்து போகிறவர்களை வீட்டில் வந்து ஒருமுறை பார்ப்பது அவர்கள் வழக்கம். டேனியல் கடைக்குப் போயிருந்தார். லுப்னா பாத்ரூமைப் பார்த்தாள். நான் கதையைச் சொன்னேன். நான் சொன்ன வேகத்துக்கு அவள் சிரிப்பாளென்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அட்டையப் பாத்தாரு, உங்களப் பாக்கலன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. பின்ன?"

"ஆன்ட்டி, நீங்க தூங்கும்போது மத்தியானத்துல எங்ககிட்ட வந்து கேப்பாரு, அந்த டிரெய்னிங் பாத்ரூம் காலியா கீதான்னு. அவரு துண்டால அவரோட இடது கைய ஒடம்போட சேத்துக் கட்டச் சொல்லுவாரு. நான்தான் கட்டி வுட்டேன். இடது காலையும் ஊனாம, உங்க சேர்ல குந்தினு, ஒரே கையால கம்பியப் புடிச்சு எழுந்து எழுந்து பாப்பாரு. கம்பி கொஞ்சம் ஒசரமா இருந்தா இன்னா ஆவுது, தள்ளி இருந்தா இன்னா ஆவுதுன்னு. ரெண்டு மூணு வாட்டி உழுந்தாரு. முழங்கைல நல்ல அடி. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. இப்ப அந்த சத்தியத்த ஒடச்சிட்டேன், அல்லா மன்னிக்கட்டும்."

முழங்கையில் கன்றிப்போன தழும்பை நான் பார்த்திருந்தேன். "இன்னா அது" என்று கேட்டதற்கு "மெஷின்ல இடிச்சிக்கினேன்" என்றார். நானும் "கண்ணு எங்க இருந்துச்சு" என்று திட்டியிருந்தேன். லுப்னா போன பிறகு அந்த வீல்சேரிலேயே உட்கார்ந்திருந்தேன். என் கையாகவே ஆகிப் பார்த்திருக்கிறார் மனுஷன். அவரையா தெருவுக்கு முன்னால் அப்படிக் கேட்டேன்? அழவில்லை. அவர் எந்த நிமிஷமும் வந்துவிடுவார். நான் அழுதால் அவர் உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கவாதத்துக்குப் பிறகு நான் அவருக்கு எதிரில் அழுததேயில்லை, கத்தியதோடு சரி.

அவர் வந்தார். பையை வைத்தார்.

"கைய காட்டுங்க" என்றேன்.

"இன்னா?"

"முழங்கைய காட்டுங்கன்றேன்."

காட்டினார். என் வலது கையால் அதைத் தடவிக்கொடுத்தேன். லுப்னா சொல்லிவிட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பாயிடுச்சு ஹெலன். எல்லாம் சரியாப் பாத்தேன். ஒரு அம்புக்குறி போட மறந்துட்டேன்" என்றார்.

"அதான் தெரியுமே. எனக்குப் பசிக்குது, சோத்தப் போடுங்க" என்றேன். எங்கள் வீட்டில் சமாதானம் என்பது இதுதான்.

மறுநாள் முஜாஹித் வந்தான். அவனும் கண்ணில் தூக்கமில்லாமல்தான் வந்தான். சுத்தி, டிரில்லிங் மெஷினோடு ஆள் கூட்டி வந்திருந்தான். "அக்கா, எங்க பசங்களும் கேக்காம போட்டுட்டாங்க. டைல்ஸ ஒடச்சு, தரையக் கிழிச்சு, பைப்ப மாத்தி வலது பக்கம் வெச்சுத் தந்துடறேன்" என்றான்.

நான் அந்த பாத்ரூமைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. தையல் என்றால் அப்படி ஒரு தையல். அதை உடைப்பதா? எங்கள் லைனில் இடது கால் துண்டு அதிகமாக வெட்டி வந்துவிட்டால் கிழித்தா போடுவோம்? எடுத்து வைத்து, அதற்கு வலதைத் தேடுவோம். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. இடது கைக்கு ஏற்ற பாத்ரூம். இடது கை மட்டும் விளங்குகிற ஒருத்தரை எனக்குத் தெரியுமே!

"தம்பி, இந்தப் பொட்டியக் கழட்டித் தூக்கினா கெட்டுப் போவுமா?"

"போல்ட்டுதானே அக்கா. வந்த மாதிரியே போவும்."

"அப்போ சுத்திய உள்ள வையி. டேனியல், போன எடுங்க. கணியம்பாடிக்குப் போடுங்க."

அமிர்தவள்ளி எடுத்தாள். வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இன்னாத்த சொல்றது அக்கா. கொல்லைக்குப் போவ நானும் என் தம்பியும் சேந்து தூக்கினு போறோம். போவக்கூடாதுன்னே சோறு கம்மி பண்ணிட்டாரு" என்றாள். அது எப்படிப்பட்ட பட்டினி என்று எனக்குத் தெரியும். "அவருக்குன்னே அளவெடுத்த மாதிரி ஒரு பாத்ரூம் என்கிட்ட கீது. எடம் மட்டும் சமமா ஒரு மேடை போட்டு வை" என்றேன். போனில் பின்னாலிருந்து காசியின் குழறல் கேட்டது. இந்தத் தடவை மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. காசு விஷயத்தை முஜாஹித்தும் டேனியலும் அவர்களும் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். யாருக்கும் மனக்குறை இல்லை, அது போதும்.

ஷெட்டில் எனக்கு வேறு பெட்டி ஓடியது. டேனியல் அதே அட்டையை எடுத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை அதில் ஒரு பக்கம் முழுக்க, குருடனுக்குக்கூடத் தெரிகிற எழுத்தில் 'மேல்' என்று எழுதியிருந்தது. அது போதாதென்று தினமும் ஷிப்ட் முடிந்து சத்துவாச்சாரிக்குப் போய் நின்றார். அந்த நாட்களில் நான் பழையபடி பாத்ரூமில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கீர்த்தனை திரும்பி வந்திருந்தது. நான் வேண்டுமென்றே தப்புத் தாளம் போட்டு அவரைச் சிரிக்க வைத்தேன்.

கிரேன் மறுபடி வந்த அன்று எங்கள் தெருவுக்குத் திருவிழாதான். ஸ்பானரால் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். வீட்டின் பக்கச் சுவரிலிருந்து பாத்ரூம் பெட்டி அலுங்காமல் விலகி மேலே போனது. அந்த இடத்தில் வெளிச்சமாக ஒரு வாசல் தெரிந்தது. அதன் வழியாகப் பக்கத்து மனையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று எங்கள் படுக்கையறையை எட்டிப் பார்த்தது. புதுப் பெட்டி இறங்கியது. வெளியே பைப்பைக் கொஞ்சம் தள்ளி இணைத்தார்கள். பழையது லாரியில் ஏறி, தாள் சுற்றிக்கொண்டு கணியம்பாடிக்குக் கிளம்பியது. அது அங்கே போய் உட்கார்ந்த அன்று காசி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவே மாட்டேன் என்றாராம். அமிர்தவள்ளி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நான் என் கதைக்கு வருகிறேன். சாயங்காலம் ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். டேனியல் டேப்பை எடுக்கவில்லை. உள்ளே போய் நின்று, தன் வலது கையை நீட்டிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். திரும்பத் திரும்பத் தொட்டார்.

"போதும், தேஞ்சிடப் போவுது. வெளிய வாங்க" என்றேன்.

வெளியே வந்து கதவோரம் நின்றார். நான் உள்ளே உருட்டிக்கொண்டு போனேன். தள்ளுகதவின் கைப்பிடியை வலது கையால் பிடித்து இழுத்தேன். சத்தமில்லாமல் வந்து மூடிக்கொண்டது. கடைசியில் அந்த இடுக்கு வழியாக அவர் முகம் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

சாய்வாக நிறுத்தினேன். பிரேக் போட்டேன். கையை நீட்டினேன். கம்பி இருந்தது. பிடித்தேன், எழுந்தேன், திரும்பினேன், உட்கார்ந்தேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை. யாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவில்லை.

கெக்கலி கொட்டிச் சிரிக்கப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. விழுந்த அன்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. அவருக்குக் கேட்கக்கூடாதென்று கைக்கெட்டிய குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். வாளியில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதேன். என் கைக்காக அழுதேன், காலுக்காக, லைனுக்காக, என் ஆளை அப்படி ஊர் முன்னால் பேசியதற்காக அழுதேன். அழ அழ நன்றாக இருந்தது. மனுஷி அழுவதற்குக்கூட ஒரு கதவு வேண்டியிருக்கிறது.

போதுமென்று ஆனபோது முகத்தைக் கழுவிக்கொண்டு குழாயை மூடினேன்.

தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. சரியாக மூடவில்லையோ என்று மறுபடி முறுக்கிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் மூடியிருந்தது. சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. சமையலறைக் குழாய். அந்த நேரத்தில் அங்கே கழுவுவதற்கு ஒரு டம்ளர்கூட இல்லை, மத்தியானமே எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தார். இருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தமும் இருந்தது. அதை அவரிடமிருந்து நான் அதுவரை கேட்டதே இல்லை.

இத்தனை மாதமும் ஒளிந்துகொள்ள இடமில்லாதது எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பியைப் பிடித்து எழுந்து வீல்சேருக்கு மாறினேன். கதவுக்குப் பக்கத்தில் போய்க் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய குழாய் நிற்கும்வரை நான் கதவைத் திறக்கவில்லை.